முதுகு இல்லாத ராணிகள்

"எல்லாம் சரி, கடைசியில் அது பொம்மைக்குத் தைத்த சட்டைதானே?"

ஜார்ஜ் டவுனில் மரபு, கலை, பாரம்பரியம் என்று நாலு பேர் கூடும் இடத்தில் இந்தப் பேச்சு எப்போதாவது வரும். பழைய அரசிகளின் உருவப்படங்களைப் பார்த்து அவர்களுடைய கவுன்களை ஒரு முழ உயரத்தில், சில சமயம் ஒரு சாண் உயரத்தில், மறுபடி தைப்பவர்களைப் பற்றிய பேச்சு. வந்த வேகத்தில் மேலே சொன்ன கேள்வியோடு முடிந்தும் விடும். கேட்பவர் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. அவர் மனதில் ஒரு வரிசை இருக்கிறது. ராணி உடுத்தியது அசல். அதைப் பார்த்து ஓவியர் தீட்டியது கலை. அந்தப் படத்தைப் பார்த்து யாரோ ஒரு பெண்மணி வீட்டில் உட்கார்ந்து தைத்தது நகலின் நகல், ஓய்வு நேரப் பொழுதுபோக்கு. கொஞ்சம் அரசியல் பேசுகிறவராக இருந்தால் இன்னொன்றையும் சேர்ப்பார்: "அதுவும் வெள்ளைக்கார ராணிக்கு! நமக்கு வேறு வேலை இல்லையா?"

இந்த இரண்டும் தவறு என்பது என் கட்சி. முதலாவது தவறு சோம்பேறித்தனமானது, இரண்டாவது தவறு கொஞ்சம் மரியாதைக்குரியது. ஆனாலும் தவறு தவறுதான். உருவப்படம் ஒரு சாட்சி. எந்தச் சாட்சியையும்போல அதுவும் சிலதைச் சொல்லும், சிலதை மறைக்கும், கூலி கொடுத்தவருக்காகப் பொய்யும் சொல்லும். அந்தச் சாட்சியை ஊசியும் நூலும் கொண்டு குறுக்கு விசாரணை செய்கிறவரைத்தான் நாம் பொம்மைக்குச் சட்டை தைக்கிறவர் என்று சொல்லிவிட்டு காப்பி குடிக்கப் போய்விடுகிறோம்.

முதலில் முதுகை எடுத்துக்கொள்வோம். உருவப்படத்து ராணிகளுக்கு முதுகு கிடையாது. ஓவியருக்கு அது தேவையும் இல்லை. முன்பக்கம் மின்னினால் போதும். தைக்கிறவருக்கு அப்படி முடியாது. பொம்மையைத் திருப்பினால் பின்னால் ஏதாவது இருந்தாக வேண்டும். கவுன் பின்னால் நாடா கோத்துக் கட்டியதா, பக்கவாட்டில் கொக்கி போட்டதா, முன்னாலேயே குண்டூசி குத்தி மூடியதா? கை தனியாகத் தைத்துத் தோளில் முடிந்ததா, உடலோடு சேர்த்துத் தைத்ததா? பாவாடை அவ்வளவு அகலமாக விரிந்து நிற்கிறதே, உள்ளே வளையம் வைத்த பாவாடையா, அடுக்கடுக்கான உள்பாவாடைகளா, இடுப்பில் கட்டிய பஞ்சுச் சுருளா? படம் பார்க்கிறவர் இதில் ஒரு கேள்வியைக்கூடக் கேட்காமல் ஆயுள் முழுக்க அந்தப் படத்தை ரசிக்கலாம். தைக்க உட்கார்ந்தவர் முதல் வெட்டுக்கு முன்பே எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்க வேண்டும். தவறான பதிலாக இருந்தால் துணியே காட்டிக்கொடுத்துவிடும். தோள் இழுக்கும், இடுப்பு தூக்கும், படத்தில் நேராக விழும் மடிப்பு இங்கே கோணிக்கொள்ளும்.

இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத்தைப் பாருங்கள். 1558 முதல் 1603 வரை ஆண்டவர், உடைக்குப் பேர்போனவர். 1600-இல் அவருடைய உடைகளைக் கணக்கெடுத்து எழுதிய பட்டியல் இன்றும் இருக்கிறது. ஜேனட் ஆர்னால்ட் என்ற உடை வரலாற்று அறிஞர் அதை வரி வரியாக ஆராய்ந்து 1988-இல் ஒரு பெரிய நூலே வெளியிட்டார். பட்டியல் இருக்கிறது, படங்கள் இருக்கின்றன, உடை மட்டும் இல்லை. முழு கவுன் ஒன்றுகூட மிஞ்சவில்லை. விலை உயர்ந்த துணியைப் பிரித்து வேறொன்று தைப்பதும், பணிப்பெண்களுக்குக் கொடுத்துவிடுவதும் அக்கால வழக்கம். ஹியர்ஃபோர்ட்ஷயரில் பேக்டன் என்ற சிற்றூர்த் தேவாலயத்தில் பலிபீட விரிப்பாகக் கிடந்த ஒரு துணிதான் அவருடைய உடையின் துண்டு என்று அண்மைக் காலத்தில் ஆய்வாளர்கள் கருதத் தொடங்கினார்கள். வெள்ளி இழை ஓடிய பட்டு, அதன்மேல் பூவும் பூச்சியும் விலங்குமாக நெருக்கமான பூத்தையல். 2019-இல் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் அதைக் காட்சிக்கு வைத்தபோது பக்கத்தில் எலிசபெத்தின் 'வானவில்' உருவப்படத்தையும் வைத்தார்கள். படத்து மேற்சட்டையில் உள்ள பூக்களும் துணியில் உள்ள பூக்களும் அவ்வளவு நெருக்கம். ஆனால் அந்த விரிப்பு ஒரு காலத்தில் உடையாக இருந்தது என்று நம்ப வைத்ததில் பூவுக்கு மட்டும் பங்கு இல்லை. தையற்காரர் கத்தரி வைத்த தடமும் சேர்ந்துதான் அதைச் சொன்னது. வெட்டைப் படிக்கத் தெரிந்த கண் இல்லாவிட்டால் அது இன்னும் பலிபீடத்து விரிப்பாகவே இருந்திருக்கும்.

அதே வானவில் படத்தில் எலிசபெத்தின் மேலங்கி முழுக்கக் கண்களும் காதுகளும் வரைந்திருக்கிறது. ராணி எல்லாவற்றையும் பார்க்கிறார், கேட்கிறார் என்று அர்த்தமாம். கையில் வானவில்லைப் பிடித்திருக்கிறார். முகம் இளம்பெண்ணின் முகம். படம் தீட்டிய காலத்தில் அவருக்கு அறுபது வயது கடந்திருந்தது. இதில் எது உடை, எது உபசாரம்? அந்த மேலங்கியை யாராவது உண்மையிலேயே போர்த்தியிருந்தார்களா, அல்லது அது தூரிகையில் மட்டும் இருந்த துணியா? ஸ்பெயினின் ஆர்மடா கப்பற்படை தோற்ற 1588-க்குப் பிறகு வந்த ஆர்மடா உருவப்படத்தைத் தைக்கலாம் என்றால், அதில் மூன்று பிரதிகள் இன்று இருக்கின்றன, மூன்றும் நுணுக்கங்களில் ஒன்றாக இல்லை. எதை நம்பித் தைப்பது? கலை வரலாற்றாளர் இந்தக் கேள்விகளை அடிக்குறிப்பில் தள்ளிவிட்டுப் போகலாம். ஆறில் ஒரு பங்கு அளவில் தைக்கிறவர் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்தே ஆக வேண்டும், சாய்ந்ததற்குக் காரணமும் சொல்ல வேண்டும். இதை நகலெடுப்பது என்று சொன்னால் தீர்ப்பு எழுதுவதையும் நகலெடுப்பது என்றே சொல்ல வேண்டியிருக்கும்.

அசல், நகல் என்று பேசுகிறவர்கள் தாங்கள் வாழும் ஊரின் பெயரைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 1786-இல் பிரான்சிஸ் லைட் இந்தப் பினாங்குத் தீவில் கொடி ஏற்றி, நகரத்துக்கு வைத்த பெயர் மூன்றாம் ஜார்ஜுடையது. அந்த ஜார்ஜின் முடிசூட்டுக் கோல உருவப்படத்தையும், அவர் மனைவி ராணி சார்லட்டின் இணைப் படத்தையும் தீட்டியவர் ஆலன் ராம்சே. தீட்டினார் என்பதைவிட உற்பத்தி செய்தார் என்பது பொருத்தம். தூதரகங்களுக்கும் ஆளுநர்களுக்கும் அனுப்ப ராம்சேயின் கூடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பிரதிகள் உதவியாளர் கையால் உருவாயின; ஃபிலிப் ரெய்னேகல் என்ற சீடர் அந்த ராஜா ராணி ஜோடியை வருடக்கணக்காக வரைந்துகொண்டே இருந்தார். அதற்கு முந்தைய தலைமுறையில் ஜோசப் வான் ஏக்கன் என்று ஆன்ட்வெர்ப்பிலிருந்து லண்டனுக்கு வந்த ஒருவர் இருந்தார். அவருக்குத் தொழிலே மற்ற ஓவியர்கள் முகம் வரைந்து அனுப்பும் படங்களுக்கு உடை வரைந்து கொடுப்பது. பட்டும் சாட்டினும் லேசும் அவர் கையில் இருந்தன. சீமாட்டியின் அலமாரியில் இருந்தனவா என்பது வேறு கேள்வி. நாம் பயபக்தியோடு 'அசல்' என்று அண்ணாந்து பார்க்கும் சுவரில் இவ்வளவு நகலும் இவ்வளவு வாடகைத் துணியும் தொங்குகின்றன.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். கார்ன்வாலிஸ் கோட்டையில் நிற்கும் லைட்டின் வெண்கலச் சிலையைப் பார்க்காத பினாங்குக்காரர் இல்லை. 1930-களில் எஃப். ஜே. வில்காக்சன் என்ற சிற்பி செய்தது. லைட்டுக்கு நம்பத்தகுந்த உருவப்படம் கிடைக்காததால், அடிலெய்ட் நகரத்தை நிறுவிய அவர் மகன் வில்லியமின் சாயலை வைத்து அப்பாவின் முகத்தைச் செய்தார்கள். அந்தச் சிலையின் முன்னால் நின்று ஊகம் என்று யாரும் உதட்டைப் பிதுக்குவதில்லை. சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கிறார்கள், பள்ளிப் பிள்ளைகள் குறிப்பு எழுதுகிறார்கள். வெண்கலத்தில், ஆள் உயரத்தில், ஆண் ஒருவர் ஊகித்தால் வரலாறு. துணியில், முழ உயரத்தில், பெண் ஒருத்தி ஊகித்தால் விளையாட்டு.

2008-இல் உலக மரபுரிமைத் தலமான பிறகு இந்த நகரத்தில் எத்தனை கடைவீடுகள் பழைய புகைப்படங்களைப் பார்த்துச் சுண்ணாம்பும் ஓடும் மரச் சட்டமுமாக மீட்கப்பட்டிருக்கின்றன! அதைப் பாதுகாப்பு என்கிறோம்; சரியாகத்தான் சொல்கிறோம். சர்ச் ஸ்ட்ரீட்டில் பெரனாக்கான் மாளிகை இருக்கிறது. 1890-களில் அதைக் கட்டிய சுங் கெங் குய் ஹக்கா சீனர்களின் தலைவர், பெரனாக்கான் எனப்படும் பாபா வம்சத்தவர் அல்ல. ஒரு பணக்கார பாபா குடும்பம் எப்படி வாழ்ந்திருக்கும் என்று ஆயிரக்கணக்கான பழம்பொருட்களைச் சேர்த்து அங்கே பின்னாளில் அமைத்துக் காட்டியிருக்கிறார்கள். அந்த அமைப்பில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை, கண்ணுக்கு விருந்து. அதற்குக் கிடைக்கும் மரியாதையில் பாதியாவது ஒரு கவுனை அதே முறையில் மீட்டெடுப்பவருக்கு ஏன் கிடைப்பதில்லை என்றுதான் கேட்கிறேன். செங்கல்லுக்கு ஒரு நியாயம், துணிக்கு ஒரு நியாயமா?

"ஆனாலும் சின்னதுதானே, துணியும் குறைவு, வேலையும் குறைவு" என்பார்கள். இதைச் சொல்கிறவர் ஊசி பிடித்தவராக இருக்க முடியாது. சிறிதாக்குவதில்தான் மொத்தச் சிக்கலும் இருக்கிறது, அது கைத்திறன் பற்றிய சிக்கல் மட்டும் இல்லை, இயற்பியல் சிக்கல். ஒரு துணி எப்படித் தொங்கும் என்பதை அதன் விறைப்புக்கும் எடைக்கும் உள்ள விகிதம் தீர்மானிக்கிறது. எடை கீழே இழுக்கும், விறைப்பு வளைய மறுக்கும். உடையை ஆறில் ஒன்றாகச் சுருக்கினால், அதே மடிப்பு அதே வடிவத்தில் விழுவதற்கு அந்த விகிதம் ஆறில் ஒன்றாகக் குறைந்தால் போதாது; 216-இல் ஒன்றாகக் குறைய வேண்டும். பன்னிரண்டில் ஒன்று என்றால் 1,728-இல் ஒன்று. அப்படி ஒரு துணியை உலகத்தில் எந்தத் தறியும் நெய்வதில்லை. அசல் கவுனில் போட்ட அதே சாட்டினை வாங்கி முழ உயரப் பொம்மைக்குப் போட்டால் அது பாவாடையாக விழாது, அட்டையாக நிற்கும். தையல் ஓரத்துக்கு விடும் கால் அங்குலம்கூடப் பொம்மையின் இடுப்பில் தடித்த கயிறாகத் துருத்தும்.

ஆகவே தைக்கிறவர் அசல் துணியைத் தேடுவதில்லை. அசல் துணியைப்போல நடந்துகொள்ளும் வேறொன்றைத் தேடுகிறார். பினாங்குவாசிக்கு இதில் கொடுப்பினை உண்டு. லிட்டில் இந்தியாவில் மார்க்கெட் ஸ்ட்ரீட்டிலும் பினாங்கு ஸ்ட்ரீட்டிலும் துணிக் கடைக்குத் துணிக் கடை ஏறி இறங்கலாம். பாட்டி கட்டிக் கட்டித் துவைத்துத் துவைத்து நூலின் கஞ்சியெல்லாம் போய்த் தழைந்த பட்டுச் சேலை, புதுப் பட்டு செய்யாததைச் செய்யும். பாபா வீட்டுப் பெண்களின் நோன்யா கெபாயாவுக்குப் போடும் மெல்லிய வாயில் துணி, உள்பாவாடைக்கும் கழுத்து மடிப்புக்கும் பொருந்தும். நோன்யாக்கள் மணிக் காலணி கோக்கும் ஐரோப்பியப் பாசிமணிகளில் ஒன்றரை மில்லிமீட்டர்கூட வராதவை உண்டு. எட்டு மில்லிமீட்டர் முத்தை ஆறில் ஒன்றாக்கினால் ஏறக்குறைய அந்த அளவுதான். சரிகையோ இங்கே பிரச்சினையே இல்லை, ஆனால் சேலையின் கரையில் எந்த இடத்தில் கோலம் சிறிதாக இருக்கிறது என்று தேடும் கண் வேண்டும். பிறகு நீராவியில் மடிப்பைப் பழக்குவது, கண்ணுக்குத் தெரியாமல் மடிப்புக்குள் ஒரு தையல் போட்டு அடக்குவது, ஓரத்தில் மயிரிழைக் கம்பி ஓட்டுவது, லைனிங்கை விட்டுவிடுவதா வைப்பதா என்று முடிவு செய்வது. அசலில் துணி தன் எடையால் தானாகச் செய்ததை இங்கே கை செய்ய வேண்டும். துணி என்ன செய்தது என்று புரியாத கை அதைச் செய்யாது. ஆள் உயர நாடக உடை தைக்கிறவருக்குத் துணி பாதி வேலையைச் செய்து கொடுத்துவிடுகிறது. சிறு அளவில் தைக்கிறவருக்கு அந்தச் சலுகை இல்லை.

இன்னொன்று. சிறு உடை எப்போதும் பெரிய உடைக்குப் பின்னால்தான் வரும் என்ற எண்ணமே வரலாற்றுக்கு விரோதம். பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் பாரிஸின் புதுப் பாணி மற்ற அரண்மனைகளுக்குப் போனது 'பண்டோரா' என்று பெயர் பெற்ற பொம்மைகளின் உடம்பில். பொம்மை வந்து இறங்கும்; சீமாட்டிகள் சுற்றி நின்று பார்ப்பார்கள்; தையற்காரர் அதைத் திருப்பிப் பிரித்து அளந்து ஆள் உயரத்துக்குத் தைப்பார். அங்கே அசல் எது? பொம்மையின் சட்டைதான். ராணி உடுத்தியது அதன் நகல்.

1945-இல் பாரிஸ் இதை மறுபடியும் செய்தது. போர் முடியும் தறுவாய். துணி இல்லை, நூல் இல்லை, தோல் இல்லை. பெரிய உடையகங்கள் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் உயரமுள்ள கம்பிப் பொம்மைகளுக்கு அந்தப் பருவத்து உடைகளைத் தைத்து லூவ்ரில் உள்ள அலங்காரக் கலை அருங்காட்சியகத்தில் காட்சி வைத்தன. பலென்சியாகா, ஸ்கியாபரெல்லி என்று அந்தக் கண்காட்சியின் பெயர்ப் பட்டியலைப் படித்தால் பொம்மைக்குச் சட்டை தைப்பது மட்டமான வேலை என்று சொல்ல வாய் வராது. பொத்தான்கள் நிஜமாகவே போட்டுக் கழற்றக்கூடியவை. அந்தப் பொம்மைகள் லண்டன், நியூயார்க், சான் பிரான்சிஸ்கோ என்று சுற்றி, இன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மேரிஹில் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பிரெஞ்சு உடைத் தொழில் போருக்குப் பின் மீண்டும் தன் பெயரை நிலைநாட்டியதில் அந்தக் கம்பிப் பொம்மைகளுக்குப் பங்கு உண்டு.

நம் ஊர் எஸ்பிளனேட் பக்கம் விக்டோரியா ராணியின் மணிக்கூண்டு நிற்கிறது. 1897-இல் அவர் ஆட்சியின் வைர விழாவுக்காகச் செல்வந்தர் சியா சென் இயோக் கட்டிக் கொடுத்தது, ஆண்டுக்கு ஓர் அடி வீதம் 60 அடி. அந்த விக்டோரியா சிறுமியாக இருந்தபோது, 1831 முதல் 1833 வரை, தன் ஆசிரியை லேட்சன் சீமாட்டியோடு சேர்ந்து 132 மரப் பொம்மைகளுக்கு உடை தைத்தார். அவற்றில் 32 முழுக்க அவர் கையால் ஆனவை. பல பொம்மைகள் அவர் பார்த்த நாடக, நாட்டிய மேடைப் பாத்திரங்கள், சில அரசவைச் சீமாட்டிகள். மூன்று அங்குலம் முதல் ஒன்பது அங்குலம் வரைதான் உயரம். மேடையில் ஒரு மாலைப் பொழுது பார்த்து மறைந்துபோன உடைகளின் தடயத்தை இன்று தேடுகிறவர்களுக்கு அந்தப் பொம்மைகளும் ஆதாரம். பதின்மூன்று வயதுப் பெண் விளையாடியது ஆதாரமாகும் என்றால், வளர்ந்த ஒருவர் படமும் பட்டியலும் பக்கத்தில் வைத்துத் தைப்பதற்கு என்ன குறை?

சரி, வெள்ளைக்கார ராணி. இந்தக் கேள்வியில் நியாயமான எரிச்சல் ஒன்று இருப்பதால் இதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். ஆண்டவர்களின் அலங்காரத்தில் ஆளப்பட்டவர் பேரப்பிள்ளைகள் மயங்கிக் கிடப்பது பார்க்க அழகாக இராது. ஆனால் அந்த அலங்காரம் யாருடையது? 1783-இல் விஜே லெ பிரன் தீட்டிய பிரெஞ்சு ராணி மேரி ஆன்டனெட்டின் படம் பாரிஸில் காட்சிக்கு வந்ததும் கூச்சல் கிளம்பி, படத்தை எடுத்துவிட்டு நீலப் பட்டு உடுத்திய வேறு படம் வைக்க வேண்டியதாயிற்று. ராணி வெள்ளை மஸ்லின் உடுத்தியதுதான் குற்றம். பிரெஞ்சுப் பட்டை விட்டுவிட்டு, இந்தியாவை நினைவூட்டும் பருத்தித் துணிக்குப் போய்விட்டாளே என்ற கோபமும் அந்தக் கூச்சலில் இருந்தது. அதற்கு முன்பே சோழமண்டலக் கரையின் அச்சுத் துணிகள் ஐரோப்பாவை எப்படிப் பித்துப் பிடிக்க வைத்தன என்றால், 1686-இல் பிரான்ஸ் சட்டம் போட்டே அவற்றைத் தடுத்தது. தடை 1759 வரை நீடித்தது. அதே கரையின் துணி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு நாகூர், நாகப்பட்டினம் பக்கமிருந்து இங்கே வந்திறங்கிய சூலியா வணிகர்களின் பெயரில்தான் நம் சூலியா தெரு இருக்கிறது.

க்ரோ தீட்டிய, நெப்போலியனின் மனைவி பேரரசி ஜோசபினின் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக் காஷ்மீர் சால்வையில் தைத்த கவுன், அதன் மேல் சிவப்பில் இன்னொரு சால்வை. கவுனின் கீழ் ஓரத்தில் மாங்காய் வடிவங்கள் வரிசையாக நிற்கின்றன. ஐரோப்பியத் தையல் புத்தகத்தோடு உட்கார்பவர் அதை ஓரத்தில் போட்ட பூத்தையல் என்று நினைக்கக்கூடும். சேலை கட்டும் வீட்டில் வளர்ந்தவருக்குப் பார்த்தவுடனே தெரியும், அது முந்தானை. துணியோடு நெய்து வந்தது, அதைக் காப்பாற்றத்தான் கவுனை இப்படி வெட்டியிருக்கிறார்கள். தைக்கும்போது துணியை எந்தப் பக்கம் வைத்து வெட்டுவது என்பதே இதனால் மாறிவிடும். ஆக, பினாங்கில் ஒரு தமிழ்ப் பெண் ஜோசபினின் கவுனைத் தைப்பது வெள்ளைக்காரிக்குச் சேவகம் செய்வது ஆகாது. தொலைந்த நம் சரக்கை யார் யார் கட்டிக்கொண்டு நின்றார்கள் என்று கணக்குப் பார்ப்பது.

இன்னும் கிட்டே வரலாம். 1953-இல் இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு கவுனை வடிவமைத்த நார்மன் ஹார்ட்னெல், அவர் தலைமையை ஏற்ற நாடுகளின் சின்னங்களையெல்லாம் அதில் பூத்தையலாகப் போட்டார். இந்தியாவுக்குத் தாமரை, இலங்கைக்கும் தாமரை, பாகிஸ்தானுக்குக் கோதுமையும் பருத்தியும் சணலும். அடுத்த ஆண்டு கொழும்பில் நாடாளுமன்றத்தைத் தொடக்கிவைக்க அதே கவுனை அவர் உடுத்தி வந்தார். மலாயாவுக்கு அதில் ஒரு பூவும் இல்லை. நாம் அப்போது இன்னும் அடிமை நாடு, பட்டியலில் வரத் தகுதி இல்லை. செசில் பீட்டன் எடுத்த முடிசூட்டுப் படத்தை ஆயிரம் பேர் பார்த்து அழகு என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தப் பாவாடையின் சின்னங்களை ஒவ்வொன்றாக ஊசியில் கோத்துக்கொண்டு வருகிறவருக்கு, எங்கள் பூ எங்கே என்ற கேள்வி வராமல் இருக்குமா? காலனிய வரலாற்றை இதைவிட மெதுவாகவும் இதைவிட ஆழமாகவும் படிக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

எதிர்த் தரப்புக்கு ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன். இந்தத் துறையில் குப்பையும் நிறைய இருக்கிறது. பசைத் துப்பாக்கியால் லேஸை ஒட்டி, முதுகில் வெல்க்ரோ வைத்து, கண்ணாடிப் பெட்டியில் 'அச்சு அசல்' என்று எழுதி வைப்பவர்களை நான் காப்பாற்ற வரவில்லை. அந்த 'அச்சு அசல்' என்ற சொல்தான் கேலிக்கு வாசல் திறந்து வைக்கிறது. நேர்மையான பெட்டிக்குள் ஒரு சீட்டு இருக்க வேண்டும்: முன்பக்கம் படத்தில் உள்ளபடி, கை முடிச்சு இன்ன பட்டியலை வைத்து, முதுகு என் ஊகம், காரணம் இது. இதை எழுதாதவரைக் கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள். ஆனால் 'ஏன் எழுதவில்லை' என்று கேட்பது ஒரு துறையை மதித்துக் கேட்கும் கேள்வி. 'பொம்மைச் சட்டைதானே' என்பதில் அந்த மதிப்பு இல்லை.

இதில் நமக்குக் கூச்சம் இருப்பதே வேடிக்கை. மரப்பாச்சி ராஜா ராணிக்கு நவராத்திரிதோறும் பட்டுத் துண்டு சுற்றிச் சரிகை கட்டும் வீடுகள் நம்முடையவை. செட்டிநாட்டு வீடுகளில் ரவிவர்மாவின் அச்சுப் படங்களுக்கு மேல் நிஜத் துணியும் சரிகையும் ஜிகினாவும் ஒட்டி, தட்டைப் படத்து லட்சுமிக்கு உடுத்திப் பார்த்த கைகள் நம்முடையவை. உற்சவ மூர்த்திக்கு முழ உயரத்தில் பாவாடை தைத்துக் கொசுவம் வைப்பது கோயில் கைங்கரியம். ஆர்மேனியன் ஸ்ட்ரீட்டில் தியோச்சூ பாவைக்கூத்துக்காரர்கள் சக்கரவர்த்திக்கும் தளபதிக்கும் வைத்திருக்கும் சிற்றங்கிகளைப் பார்த்து நாம் வாய் பிளக்கிறோம். பக்தியாகவோ கூத்தாகவோ இருந்தால் மரியாதை. அறிவாக இருந்தால் கேலி.

நம் ராஜாக்களைச் செய்யட்டுமே என்கிறவர்களுக்கும் பதில் உண்டு. செய்ய வேண்டும். ஆனால் எதை வைத்து? சோழ இளவரசர் என்றதும் நம் மனதில் எழும் உடை, கல்கியின் தொடர்கதைக்கு மணியம் வரைந்த கோட்டுச் சித்திரங்களிலிருந்தும், அதற்கு முன் நாடகக் கம்பெனிகளிலிருந்தும், பின் சினிமாவின் சாட்டினிலிருந்தும் வந்தது. ஐரோப்பிய அரசிகளுக்குப் படம் உண்டு, பட்டியல் உண்டு, அபூர்வமாகத் துணித் துண்டும் உண்டு. ஊகித்துத் தைத்துவிட்டு விடையைச் சரிபார்க்கலாம். அங்கே பழகிய கைதான் விடைத்தாள் இல்லாத நம் பக்கத்துக்கு வர முடியும்.

வரும்போது எங்கே தொடங்குவது என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. மதுரையில் மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தில், தூண்களில் நாயக்க மன்னர்கள் ஆள் உயரத்தில் நிற்கிறார்கள். தலையில் குல்லாய், இடையில் குத்துவாள், பக்கத்தில் அரசியரின் சேலையில் கல்லில் கொத்திய கோலங்கள். தூணோடு ஒட்டிய சிலைகள், ஆகவே இவர்களுக்கும் முதுகு இல்லை. அந்தத் தூண்களுக்கு இடையில்தான் எத்தனையோ வருடங்களாகத் தையற்காரர்கள் மெஷின் போட்டு உட்கார்ந்து சாமி உடையும் சித்திரைத் திருவிழா உடையும் தைத்தார்கள். அண்மையில்தான் அவர்களைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். தலைக்கு மேலே அரச உருவங்கள், மடியில் முழ உயரப் பாவாடை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய பல்கலைக்கழகங்கள் கல்லுக்குக் கட்டுரை எழுதின, துணியைக் கடை என்று நினைத்தன. அந்தக் குல்லாய் எந்தத் துணி, உள்ளே என்ன வைத்து நிறுத்தினார்கள், எத்தனை துண்டாக வெட்டினார்கள் என்று ஒரு வரலாற்றுப் பேராசிரியரும் அந்தத் தையற்காரர்களில் ஒருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஆறில் ஒரு பங்கு அளவில் தைத்துப் பார்க்கட்டும். துணிச் செலவு ஒரு கைக்குட்டை அளவுகூட ஆகாது.